வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

அனைவருக்கும் வணக்கம். இங்கே வந்திருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கும் அறுபது தாண்டியிருக்கும். பிள்ளைக்கு முப்பது, முப்பத்தைந்து வயதாகியும் சட்டைப் பொத்தானை இன்னும் நீங்கள்தான் போட்டுவிடுகிறீர்கள். "நமக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?" என்று கேட்டால், "தம்பி பார்த்துக்குவான், வீட்டை அவன் பேருக்கே எழுதிட்டோம்" என்கிறீர்கள். அந்தப் பதில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எழுதியது உயிலா, இல்லை உயிரோடிருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரமா? உயிலை நீங்கள் இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவாகிவிட்டால் வீடு கைமாறிவிட்டது என்று பொருள். பத்திர எழுத்தர் வழக்கமாக எழுதுவதைப் பாருங்கள். "அன்பையும் அபிமானத்தையும் முன்னிட்டு", "இன்றே சுவாதீனத்தில் விட்டுவிட்டேன்", "எக்காலத்திலும் ரத்து செய்யமாட்டேன்". சோறு போடுவான், மருந்து வாங்கித் தருவான் என்று ஒரு வரி இருக்கிறதா? தேடினாலும் கிடைக்காது.

அந்த ஒரு வரிக்குப் பெரிய மதிப்பு உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பற்றிப் பேசுகிறது. வாங்கியவர் கைவிட்டால், கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்றது. சரி, தீர்ப்பு எப்படியும் வரட்டும். வரியைப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள், மூத்தவன் பராமரிப்பையும் சேர்த்து. என்னைக் கேட்டால், செட்டில்மென்ட்டே வேண்டாம், உயில் போதும்.

சிலர் இதற்கு நேர்மாறாக, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் பேரிலேயே எல்லாவற்றையும் வைக்கிறார்கள். பாசம் புரிகிறது. ஆனால் நாளைக்கு வீட்டை வாடகைக்கு விட, பேங்கில் பணம் எடுக்க, யார் கையெழுத்துப் போடுவது? பதினெட்டு முடிந்தபின் பெற்றோரே தானாகப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். மனநோய் இதில் வராது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

சொத்தை உயில் மூலம், பிள்ளைக்காகவே நீங்கள் அமைக்கும் ஒரு தனியார் அறக்கட்டளையிடம் (டிரஸ்ட்) சேர்த்து, வருமானம் பிள்ளைக்குச் செலவாகும்படி எழுதலாம். பணத்தை வைத்திருப்பவரும் பிள்ளையை வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். கணக்குக் கேட்க ஒருவர் வேண்டுமே!

அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெயரைக் குடும்ப ஓய்வூதியத்துக்காக இப்போதே அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். நீங்கள் போன பிறகு சான்றிதழோடு அலைவது பாவம், அந்தத் தம்பிதான்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். உங்கள் நண்பர் முந்திக்கொண்டால் கோர்ட்டில் யார் வந்து சொல்வது? பார்வையற்றவரும் காது கேளாதவரும்கூட உயில் எழுதலாம், செய்வது இன்னதென்று தெரிந்திருந்தால் போதும். வாசித்துக் காட்டியதை உயிலிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், பொறுப்பைக் கொடுக்கப்போகிறவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். உயிலைப் பிரித்த அன்றுதான் தன் பெயரைப் பார்க்கிறார் என்றால், "என்னால் முடியாது" என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.