ஸ்மார்ட் போர்டு ஏன் சும்மா இருக்கிறது?

[காட்சி: பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல். பக்கத்தில் ஒரு க்யூஆர் குறியீடு.]

வணக்கம். தமிழ்நாட்டில் 2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியபோது இந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டமும் கூடவே வந்தது. கைபேசியைக் காட்டினால் காணொலி ஓடும். மறுவருடம் கல்வித் தொலைக்காட்சி. பிறகு ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு. இத்தனையும் வந்த பின்னும் பல பாடவேளைகள் சாக்பீஸில் தொடங்கி சாக்பீஸிலேயே முடிகின்றன. "வாத்தியார்களுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம்" என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறோம். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

[காட்சி: சுவர்க் கடிகாரம். பூட்டிய லேப் கதவு.]

ஓர் ஆசிரியை இதயத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது முக்கால் மணி நேரம். லேப் சாவி தலைமை ஆசிரியர் அறையில்; அவரோ கூட்டத்துக்குப் போயிருக்கிறார். எப்படியோ சாவியை வாங்கி, பிள்ளைகளை அழைத்துப்போய் உட்கார வைத்து, புரொஜெக்டரைப் போட்டால் படம் வருகிறது, ஒலி வரவில்லை. இணையமும் இல்லை. சொந்தக் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போடுகிறார். டேட்டா அவர் காசு. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசி பெஞ்சில் சலசலப்பு தொடங்கிவிட்டது. அடுத்த முறை அவர் நேராகக் கரும்பலகைக்குப் போனால் யார் குறை சொல்ல முடியும்?

[காட்சி: இரண்டு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று.]

அமெரிக்க ஆய்வாளர் பெக்கி எர்ட்மர் 1999இல் இந்தத் தடைகளை இரண்டாகப் பிரித்தார். கருவி, நேரம், பயிற்சி, உதவி ஆகியவை வெளியே இருப்பவை. 'பாடம் நடத்துவது என்றால் இதுதான்' என்று ஆசிரியர் மனதில் ஊறிப்போனது உள்ளே இருப்பது. கருவி வாங்க டெண்டர் போதும். உள்ளே இருப்பதை எந்த டெண்டரும் அசைக்காது.

அதற்குப் பத்தாண்டு முன்பே, 1989இல், ஃபிரெட் டேவிஸ் அலுவலக மென்பொருள்களை வைத்து ஆராய்ந்தார். ஒரு கருவியை நாம் கையில் எடுப்பதற்கு இரண்டு எண்ணங்கள் காரணம் என்றார்: இது என் வேலைக்கு உதவும்; இதைக் கையாள்வது சுலபம். இரண்டில் முதலாவதுக்கே வலு அதிகம் என்று கண்டார். உதவும் என்று தெரிந்துவிட்டால் கொஞ்சம் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வோம்.

[காட்சி: கைபேசியில் வாட்ஸ்அப் குழு. வீட்டுப்பாட நோட்டின் படங்கள்.]

இதைக் கொரோனா காலத்தில் கண்ணால் பார்த்தோம். பள்ளி பூட்டிய 2020இல், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்கள்கூட வாட்ஸ்அப்பில் வகுப்புக்குழு தொடங்கினார்கள், கரும்பலகையைப் படம்பிடித்து அனுப்பினார்கள். தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார்கள். பயம் எங்கே போனது?

எந்தப் பாடத்துக்கு எது என்பதும் இருக்கிறது. இதயம் சுருங்கும்போது எந்த வால்வு திறக்கிறது, எது மூடுகிறது என்பதைக் கரும்பலகையில் அசைத்துக்காட்ட முடியாது. அரை நிமிடக் காணொலி காட்டிவிடும். இருபடிச் சமன்பாட்டுக்கு நேர்மாறு. ஒவ்வொரு வரியாக எழுதி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தி, மறுபடி தொடர்வதற்குச் சாக்பீஸே தோது. அங்கே திரையை ஒதுக்கும் ஆசிரியர் நல்ல ஆசிரியர்தான்.

[காட்சி: ஆசிரியர் அறை. கைபேசியில் குனிந்திருக்கும் ஆசிரியர்.]

அதிகம் பேசப்படாத காரணம் எமிஸ், அதாவது பள்ளி, மாணவர் விவரங்களைப் பதிவுசெய்யும் கல்வித் துறையின் இணையதளம். வருகைப்பதிவு, நலத்திட்ட விவரம், இன்னும் பல பட்டியல்கள் அந்தத் தளத்தில் ஏற வேண்டும். இந்தப் பதிவுவேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து கேட்டுவருகின்றன. கைபேசி என்றாலே மேலிடத்துக்குக் கணக்குக் காட்டும் கருவி என்று ஆகிவிட்டால், அதையே பாடத்துக்கும் எடுக்க யாருக்கு மனம் வரும்?

பொதுத்தேர்வைச் சொல்லவே வேண்டாம். வினாத்தாள் எதைக் கேட்கிறதோ, வகுப்பு அதன் பின்னால்தான் போகும்.

பயிற்சியிலும் ஒரு சிக்கல். வட்டார வள மையத்தில் கருத்தாளர் ஸ்லைடு காட்டுவார், கையெழுத்து வாங்குவார், மாலையில் பஸ் ஏறிவிடுவோம். கேபிள் வேலை செய்யாத நாளில் கைகொடுப்பவர் பக்கத்து வகுப்பு ஆசிரியர்தான்.

[காட்சி: திறந்திருக்கும் லேப் கதவு.]

ஒரு தலைமை ஆசிரியர் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. லேப் சாவியை ஆசிரியர் அறை ஆணியில் மாட்டலாம். காணொலியை முன்கூட்டியே பென்டிரைவில் இறக்கிவைக்கச் சொல்லலாம். கால அட்டவணையில் அறிவியலுக்கு வாரம் ஒருமுறை இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வைக்கலாம். இதில் எதற்கும் அரசாணை தேவையில்லை.