மானிட்டர் வந்ததைக் கெர்னலுக்கு யார் சொல்வது?

[திரையில்: லேப்டாப்பின் பக்கவாட்டில் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்கள். ஒன்றில் கேபிள் செருகப்படுகிறது. மானிட்டரில் படம் வருகிறது.]

வணக்கம். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் மானிட்டர் வந்துவிட்டது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? அதற்கென்றே கேபிளுக்குள் ஒரு கம்பி இருக்கிறது. பெயர் ஹாட் பிளக் டிடெக்ட், சுருக்கமாக எச்பிடி. அந்தக் கம்பியில் மின்னழுத்தம் ஏறியதும் கிராஃபிக்ஸ் டிரைவர் வேலையை ஆரம்பித்துவிடும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளிலும் இப்படித்தான்.

யுஎஸ்பி-சி-யில் 24 பின்கள் இருந்தும் எச்பிடி-க்கென்று ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு கம்பி இல்லாமல் போனதால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் எவ்வளவு வேலை கூடியது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

[திரையில்: பின்களின் படம். நான்கு ஜோடிகள் நிறம் மாறுகின்றன.]

முதலில் படம் போகும் பாதை. அதிவேகத் தரவுக்கு நான்கு கம்பி ஜோடிகள் உள்ளன. சாதாரண யுஎஸ்பி 3-க்கு இரண்டு போதும். 2014-இல், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு அறிவித்த டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு இந்த ஜோடிகளைப் படத்துக்குத் திருப்பிவிடுகிறது. நான்கையும் படத்துக்கே கொடுக்கலாம். அல்லது இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பி 3-க்கும் பிரிக்கலாம்.

டாக் (ஒரே கேபிளில் பல போர்ட்களைத் தரும் பெட்டி) வழியாக மாட்டிய 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இந்தப் பிரிவினைதான் காரணம். எச்பிஆர்2 என்ற டிஸ்ப்ளேபோர்ட் வேகத்தில் ஒரு ஜோடி விநாடிக்கு 5.4 கிகாபிட் அனுப்பும். குறியீட்டுக்குப் போகும் 20 சதவீதத்தைக் கழித்தால் இரண்டு ஜோடிக்கு 8.64 மிஞ்சும். 24 பிட் நிறத்தில், சுருக்காமல், 4கே 60 ஹெர்ட்ஸ் அனுப்ப 12-க்கு மேல் வேண்டும். கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

சரி, எச்பிடி எங்கே போனது? அது ஒரு செய்தியாக மாறிவிட்டது. சிசி என்ற பின்னில் எவ்வளவு மின்சாரம் தருவது என்ற பவர் டெலிவரி பேச்சுவார்த்தை நடக்கிறது அல்லவா, அதே வழியில் ‘அட்டென்ஷன்’ என்றொரு செய்தி வருகிறது. அதில் ஒரு பிட்தான் எச்பிடி.

[திரையில்: இடப்பக்கம் டைப்-சி டிரைவர், வலப்பக்கம் டிஆர்எம். நடுவில் வெற்றிடம்.]

சிக்கல் இங்கேதான். செய்தி வந்து சேர்வது டைப்-சி டிரைவருக்கு. படம் அனுப்ப வேண்டியது டிஆர்எம் என்ற கிராஃபிக்ஸ் பகுதி. இரண்டையும் எழுதுபவர்களும் பராமரிப்பவர்களும் வேறு வேறு. டைப்-சி-க்கான அடித்தளம் 2017-இல் 4.12 பதிப்பில் வந்தது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு டிரைவர் அடுத்த ஆண்டு 4.19-இல் வந்தது. ஆனால் ‘மானிட்டர் வந்துவிட்டது’ என்று டிஆர்எம்-இடம் சொல்ல ஒரு பொது ஃபங்ஷன் 5.16-இல்தான் சேர்ந்தது. பல லேப்டாப்களில் ஹார்டுவேரும் ஃபர்ம்வேரும் தாமாகவே இதைக் கவனித்துக்கொண்டதால் அதுவரை சமாளிக்க முடிந்தது.

ஆர்ம் சிப் மெஷின்களில் அப்படிச் சமாளிக்க முடியாது. குவால்காம் எஸ்சி7180 சிப் கொண்ட ட்ரோக்டார் வகைக் குரோம்புக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி-சி போர்ட் இரண்டு. சிப்பிலிருந்து வரும் டிஸ்ப்ளேபோர்ட் ஒன்றே ஒன்று. நடுவில் இருக்கும் மக்ஸை, அதாவது பாதை மாற்றும் சுவிட்சைத், திருப்புவது எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிறு சிப். மானிட்டர் எந்தப் போர்ட்டில் வந்தாலும், கன்ட்ரோலர் சிப்புக்கு அனுப்புவது ஒரே எச்பிடி சிக்னல். இடது போர்ட்டா வலது போர்ட்டா என்ற தகவல் வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

இதை டிரைவருக்குள் ‘இந்த மாடல் என்றால் இப்படி’ என்று எழுதி ஒப்பேற்றலாம். அப்புறம் அடுத்த மாடலுக்கு மறுபடியும் எழுத வேண்டும். பலகையில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதை டிவைஸ் ட்ரீயில் (ஹார்டுவேர் அமைப்பைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) உள்ளபடியே எழுதுவதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். யுஎஸ்பி-சி கனெக்டருக்கு அங்கே மூன்று முனைகள் உண்டு: யுஎஸ்பி 2-க்கு ஒன்று, அதிவேக ஜோடிகளுக்கு ஒன்று, எஸ்பியு என்ற துணைப் பின்களுக்கு ஒன்று. மக்ஸையும் ஒரு உள்ளீடு, இரண்டு வெளியீடுகளோடு வரைந்துவிட்டால், படம் போகும் பாதையைக் கெர்னல் தானே தேடிப் பிடிக்கும்.

[திரையில்: சிப்பிலிருந்து போர்ட் வரை பிரிட்ஜ்கள் சங்கிலியாக இணைகின்றன.]

டிஆர்எம்-இல் இந்தப் பாதையின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு ‘பிரிட்ஜ்’. 6.8 பதிப்பில் எச்பிடி-க்கென்றே ஒரு சிறிய பிரிட்ஜ் வந்தது. டைப்-சி டிரைவர் அதைச் சங்கிலியின் கடைசியில் மாட்டிவிட்டு, வரும் செய்தியை அதனிடம் கொடுக்கிறது. சங்கிலியின் மறுமுனையில் இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட் டிரைவருக்கு, பழைய கம்பியில் வந்ததைப் போலவே எச்பிடி வந்து சேர்கிறது.