பனி பள்ளத்தில் கிடக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை, வரப்புதான் மேடு. அங்கிருந்து ஒரு ஜனவரியில் கேமராவோடு உதகையை அடுத்த தலைகுந்தாவுக்குப் போனேன். உறைபனியைப் படமெடுக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

விடிந்தும் விடியாத நேரம். உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும் என்றுதானே படித்திருக்கிறோம்? அதை நம்பி, சாலையோரப் புல்மேடு ஒன்றில் மூச்சு வாங்க ஏறினேன். உச்சியில் புல் ஈரமாக இருந்தது. பனியைக் காணோம்.

இறங்கி வரும்போது, கேரட் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டபடி, "மேல ஏன் தம்பி போனீங்க? பனி பள்ளத்துலதான் கிடக்கும்" என்றார்.

கைகாட்டிய பக்கம் பார்த்தேன். ஓடையோரத் தாழ்நிலம் முழுக்க வெள்ளை.

மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் போகிறது. காற்று வீசாவிட்டால், அந்தக் குளிர் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். எங்கள் ஊரில் மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்கு இறங்குமே, அதே கதைதான். உதகையில் குதிரைப் பந்தய மைதானமும் காந்தல் பகுதியும் வெளுத்துக் கிடப்பதாக ஆண்டுதோறும் செய்தி வருவதும் இதனால்தான்.

மண்டியிட்டுப் பார்த்தேன். ஒரு சின்ன இலை. அதன் விளிம்பு முழுக்க உப்புக்கல் பதித்ததுபோல் ஊசி ஊசியாகப் பனி. நரம்புகளின் மேலும் மெல்லிய வெள்ளைக் கோடு. என் மூச்சுப் பட்டதும் ஒரு ஓரம் கரைந்து சொட்டாகிவிட்டது. அப்புறம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் படமெடுத்தேன்.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். உபரி ஒன்றைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வையுங்கள்.

எனக்கு அழகாகத் தெரிந்தது பெரியவருக்கு வேறாகத் தெரிந்தது. உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகிவிடும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் காப்பாற்ற, கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மூடிவைக்கிறார்கள். பெரியவரும் படுத்துக் கிடந்த கேரட் தழையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

தூரத்தில் மலைமடிப்புக்குள் கரும்பச்சையாகச் சோலைக்காடு. சோலை மரக்கன்று திறந்த புல்வெளியில் முளைத்தால் உறைபனியில் பிழைப்பது கடினம். பெரிய மரங்களின் கூரைக்குக் கீழேதான் தப்பும். சோலையும் புல்வெளியும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்க இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் தாவரவியலாளர்கள். அந்தக் கோட்டையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

சரி, வெயில் வந்துவிட்டது. வெள்ளை, மேட்டுநிழலுக்குள் மெல்ல ஒதுங்கிக்கொண்டே போனது. நிழல் விலகாத ஓரிடத்தில் நான் மண்டியிட்ட தடம் மட்டும் பச்சையாக, இரண்டு வட்டமாகத் தெரிந்தது.