நிலநடுக்கத்தில் விழுந்த கல்லறைக் கற்களை சிமென்ட் வைத்து நிறுத்தலாமா?

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் சேதமான பழைய கல்லறைத் தோட்டத்தின் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அடுத்தடுத்து இருக்கிற கற்களில் ஒன்று உடைந்து கிடக்கிறது, இன்னொன்று அப்படியே நிற்கிறது. எப்படி? விழுந்ததை சிமென்ட் வைத்து நிறுத்திவிடலாமே?"

நல்ல கேள்வி. அங்கே பார்படோஸ் தெருக் கல்லறைத் தோட்டம் 1851-இல் தொடங்கியது. 2010 செப்டம்பரில் 7.1, 2011 பிப்ரவரியில் 6.3 என்று இரண்டு பெரிய அதிர்வுகள். இரண்டாவது அளவில் சிறியதுதான், ஆனால் ஊருக்குப் பக்கத்திலேயே, அதிக ஆழமில்லாமல் வந்தது. 185 பேர் இறந்ததும் அதில்தான்.

கல் விழுவது அதன் தடிமனுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் உயரம், பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகைக்கல்லைச் சாய்க்க, கணக்குப்படி, புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு முடுக்கம் பக்கவாட்டில் வந்தால் போதும். அதுவும் முன்பக்கமோ பின்பக்கமோதான் விழும், அகலவாட்டில் சுலபமாக விழாது. அதனால் கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதும் முக்கியம். ஜப்பானில் 19-ஆம் நூற்றாண்டிலேயே, விழுந்த கல்லறைக் கற்களை அளந்து அதிர்வின் முடுக்கத்தைக் கணக்கிட்டார்கள்!

ஆனால் சிலுவைகள் உடைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலுவை வேறு கல், பீடம் வேறு கல். அந்தக் காலத்தில் நடுவே துளை போட்டு, இரும்புக் கம்பி செருகி, பல இடங்களில் ஈயத்தை உருக்கி ஊற்றி இணைத்தார்கள். தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும். கல் உள்ளிருந்தே விரியும். உடைந்த முகத்தைப் பாருங்கள், துளையைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை இருந்தால் அந்த விரிசல் பழையது. நிலநடுக்கம் மிச்ச வேலையை முடித்துவைத்தது, அவ்வளவுதான்.

சரி, சிமென்ட். தயவுசெய்து வேண்டாம். மென்மையான மணற்கல், சுண்ணாம்புக்கல்லைவிட அது கெட்டி. ஈரம் அதன் வழியே வெளியேறாமல் கல் வழியே போகும், உப்புப் பூத்து எழுத்துகள் செதில் செதிலாக உதிரும். அடுத்த அதிர்வில் இணைப்பு உடையாது, கல்தான் உடையும். சுண்ணாம்புச் சாந்து விட்டுக்கொடுக்கும். கம்பிக்குத் துருப்பிடிக்காத எஃகு போதும்.

சரிசெய்யும் வரைக்கும் துண்டுகளைக் கிடந்த இடத்திலேயே படமெடுத்து, எந்தக் கல்லறையுடையது என்று குறித்துவையுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் மூலையில் குவித்துவிட்டால், எந்த எழுத்து எந்தப் பெயரில் இருந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.