ஆச்சி கையில இருக்கிற கீரையப் பிடுங்காதீங்க

வணக்கம். தென்காசி, செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும் ரேடியோவுல கேட்டுக்கிட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. அதுக்கப்புறம் செங்கோட்டை பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துக்கு சாயங்காலம் சாயங்காலம் போய் உட்கார்றதே எனக்கு வேலையாப் போச்சு. பிரஷர் சுகர் பத்தியெல்லாம் பேச டாக்டருங்க இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல. அங்க இருக்கிறவங்களுக்குப் பொழுது எப்படிப் போகுது, அதைத்தான் பேசப்போறேன். சாப்பாடு நேரத்துக்கு வந்துரும், மாத்திரை வந்துரும், துணி துவைச்சு வந்துரும். பொழுதை மட்டும் யாரும் கொண்டாந்து தர முடியாது பாருங்க.

நம்ம ஊர்ல முதியோர் இல்லம்னா எல்லாரும் என்ன செய்றோம்? பிள்ளைக்குப் பிறந்தநாள், இல்லன்னா அப்பாவுக்கு நினைவு நாள், ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பணம் கட்டுறோம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல, அந்தப் பணம் இல்லன்னா பல இல்லத்துல அடுப்பே எரியாது. ஆனா அதோட கேக் ஒண்ணு வருது, வரிசையா பிளாஸ்டிக் சேர் போட்டு எல்லாரையும் உட்கார வச்சு, கைதட்டச் சொல்லி, போட்டோ எடுத்து, ஒரு மணி நேரத்துல கிளம்பிருவாங்க. சுகர் உள்ளவங்க கையில எல்லாம் க்ரீம் கேக். ஒரு ஆச்சி, எண்பது வயசுக்கு மேல, என்கிட்ட மெதுவா கேட்டாங்க, "ஏம்மா, இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாளு, நான் யாருக்குக் கைதட்டுனேன்?"னு. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, என்னவோ போலவும் இருந்துச்சு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், இன்னைக்கு முழுக்க அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லப்போறேன், பொறுத்துக்கோங்க. அங்க இருக்கிறவங்கள எப்பப் பாத்தாலும் வேடிக்கை பாக்கிற ஆளாவே உட்கார வைக்கிறோம். ஆடுறது வேற யாரோ, பாடுறது வேற யாரோ, குடுக்கிறது வேற யாரோ. இவங்க வாங்கிக்கணும், கைதட்டணும், அவ்வளவுதான். அறுபது எழுபது வருஷம் வீட்டையே தூக்கிச் சுமந்த ஆளுக்கு இது எப்படி இருக்கும்?

இப்பக் கீரைக் கதைய சொல்றேன். நம்ம இல்லத்துல வாரத்துல ஒரு நாள் முருங்கைக்கீரை. சாயங்காலமே கட்டுக் கட்டா வந்து இறங்கிரும். அதப் பாத்ததும் நாலஞ்சு ஆச்சிங்க தானா வந்து முறத்தை இழுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்துருவாங்க. சமையல் செஞ்சுக்கிட்டே கேக்கிற அக்காமாருக்குத் தெரியும், முருங்கைக்கீரை ஆயறது பொறுமையான வேலை, காம்பு ஒண்ணு கூட விழக்கூடாது, பழுப்பு இலைய ஒதுக்கணும், பூச்சிக்கூடு பாக்கணும். கை அது பாட்டுக்குப் போகும், வாய் அது பாட்டுக்குப் போகும். அந்த நேரத்துல வெளிவர்ற கதை இருக்கே, எந்தக் கவுன்சிலிங்லயும் வராது. யாரு மாமியார் எப்படி, யாரு புருஷன் எந்தக் கல்யாணத்துல கோவிச்சுக்கிட்டுப் போனாரு, எல்லாம் அந்த முறத்தைச் சுத்தித்தான் வரும். புதுசா வேலைக்கு வந்த பொண்ணு ஒருத்தி, நல்ல மனசுள்ள பிள்ளை, "ஐயோ பாவம் ஆச்சி, நீங்க போய் டிவி பாருங்க, நாங்க பாத்துக்கிறோம்"னு முறத்தை வாங்கிட்டுப் போயிட்டா. ஆச்சி ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடவும் வரல.

இதுல ஒரு நியாயமான பயமும் இருக்கு, அதையும் சொல்லிரணும். பணம் கட்டி இருக்கிறவங்கள சமையக்கட்டுல வேலை வாங்குறாங்கன்னு பேர் வந்துரும்னு நிர்வாகம் பயப்படும். சரிதான். ஆள் பத்தலன்னு பெரியவங்கள வச்சு ஓட்டுற இல்லமும் இருக்கக்கூடாது. எங்க இல்லத்துல வச்சுக்கிட்ட கணக்கு என்னன்னா, வந்தா வரலாம், வரலன்னா யாரும் கூப்பிடக்கூடாது, நடுவுல எந்திரிச்சுப் போனா ஏன்னு கேக்கக்கூடாது. அரிவாள்மனை கிடையாது. கை நடுங்குறவங்களுக்கு புளியில கொட்டை எடுக்கிறது, வேர்க்கடலை உரிக்கிறது.

நான் ஏதோ என் அனுபவத்துல மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. 1976ல அமெரிக்காவுல, கனெக்டிகட் மாநிலத்துல ஒரு முதியோர் இல்லத்துல எலன் லேங்கர், ஜூடித் ரோடின்னு ரெண்டு உளவியல் பேராசிரியைங்க ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரு மாடியில இருக்கிறவங்களுக்கு ஆளுக்கு ஒரு செடி, உங்களுக்குப் பிடிச்சத நீங்களே எடுத்துக்கோங்க, தண்ணி ஊத்துறது உங்க பொறுப்பு, சினிமா எந்த நாள் பாக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொன்னாங்க. இன்னொரு மாடியில இருக்கிறவங்களுக்கும் செடி குடுத்தாங்க, ஆனா நர்ஸ் தண்ணி ஊத்துவாங்க, சினிமாவுக்கு நாங்களே நாள் சொல்றோம்னுட்டாங்க. அதே செடி, அதே சினிமா. பொறுப்பு குடுத்தவங்கதான் சுறுசுறுப்பா, சந்தோஷமா இருந்தாங்க, நாலு பேரோட கலந்து பழகினாங்க. நம்ம ஆச்சிக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது, முறத்தை வாங்குனதும் சோறு இறங்கல, அது மட்டும்தான் தெரியும்.

ஆம்பளைங்க விஷயம் இன்னும் கஷ்டம். பொம்பளைங்க எங்க உட்கார்ந்தாலும் பேசிருவாங்க. ஆம்பளைங்க வாசல் கேட்டப் பாத்து சேரைப் போட்டு உட்கார்ந்திருப்பாங்க, பக்கத்துப் பக்கத்துல, ஒரு வார்த்தை பேசாம. பஜனைக்குக் கூப்பிட்டா வரமாட்டாங்க, யோகாவுக்குக் கூப்பிட்டா முட்டி வலின்னுருவாங்க. அவங்கள ஒண்ணு சேத்து வச்சது சீட்டுக்கட்டு. பணம் வச்சு ஆடுறது கிடையாது, பயப்படாதீங்க. இருபத்தெட்டுன்னு ஒரு ஆட்டம், கேரளாவுல எல்லாருக்கும் தெரியும், நம்ம பார்டர் பக்கமும் தெரியும். நாலு பேர், எதிரும் புதிருமா உட்கார்ந்தா ஜோடி. முப்பத்திரண்டு சீட்டு. ஜாக்கிக்கு மூணு பாயிண்ட், ஒம்போதுக்கு ரெண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒண்ணொண்ணு, ஸ்பேடு, ஹார்ட்டுன்னு நாலு ஜாதி சீட்டுக்கும் கூட்டுனா இருபத்தெட்டு. மத்த சீட்டையெல்லாம் வெட்டுற துருப்ப கவுத்து வச்சிருப்பாங்க. எந்த சீட்டு இறங்கிருச்சு, எது இன்னும் யாரு கையில இருக்குன்னு மனசுல வச்சுக்கிட்டே இருக்கணும். மூளைக்கு வேலை வேணும் வேலை வேணும்னு சொல்றாங்களே, இதைவிட என்ன வேலை?

இந்த ஆட்டத்தை எங்க இல்லத்துக்குக் கொண்டாந்தவரு புனலூர் பக்கத்து ஆளு, ரப்பர் எஸ்டேட்ல மேஸ்திரியா இருந்தவரு, எல்லாரும் சேட்டன்னுதான் கூப்பிடுவாங்க. அவருக்கு ஜோடி நம்ம தென்காசி அண்ணாச்சி ஒருத்தர், பலசரக்குக் கடை வச்சிருந்தவரு. அண்ணாச்சிக்கு மலையாளம் அரைகுறை, சேட்டனுக்குத் தமிழ் அரைகுறை, ஆனா ஆட்டத்துல கண்ணசைவுலயே பேசிக்கிடுவாங்க, அது போங்கு ஆட்டம்னு எதிர்ஜோடி தினமும் சண்டை. இதுல ஒரு வழக்கம் உண்டு, தோத்துக்கிட்டே போனா காதுல குணுக்கு மாட்டணும். பலா இலையை மடிச்சு, ஈர்க்குச்சி குத்தி, நூல்ல கட்டி, காதுல தொங்க விட்டுருவாங்க. அடுத்து ஜெயிக்கிற வரைக்கும் கழட்டக்கூடாது. காப்பி குடிக்கிறப்பவும் அதோடதான்.

ஒரு நாள் அண்ணாச்சி காதுல குணுக்கு. ரெண்டு காதுலயும். அந்த நேரம் பாத்து அவரு மகன் பெங்களூர்ல இருந்து சொல்லாம கொள்ளாம வந்து இறங்கிட்டாரு. அப்பாவ பாத்ததும் முகமே மாறிப்போச்சு. நேரா என்கிட்ட வந்து, "என்ன மேடம் இது, எங்கப்பாவ இப்படித்தான் கேலி பண்ணிக்கிட்டு இருக்கீங்களா, வயசானவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா"ன்னு சத்தம். நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அண்ணாச்சி அங்க இருந்தே, சீட்ட விட்டு கண்ண எடுக்காம, "எல, சும்மா இருல, நாளைக்கு அவன் காதுல தொங்கும் பாரு"ன்னாரு. சேட்டன் வேற, "மோனே, இவிட இரி, ஆட்டம் கழியட்டே"ன்னு ஒரு சேரை இழுத்துப் போட்டாரு. திண்ணையில இருந்த ஒரு ஆச்சி, பாம்படம் போட்டு காது தோள் வரைக்கும் தொங்குன காலத்து ஆளு, "எனக்குப் பாம்படம் போட்டப்பக்கூட இம்புட்டு அழகா இல்லையேய்யா"ன்னாங்க பாருங்க, அந்த மகனுக்கே சிரிப்பு வந்துருச்சு. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பாத்துட்டு, போறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரு, வீட்ல இருந்தப்ப அப்பா சண்டை போட்டுக்கூட நான் பாத்ததில்லன்னு.

சண்டைன்னதும் ஞாபகம் வருது. ஃபேன் ஸ்பீடுக்கு சண்டை, ரிமோட்டுக்கு சண்டை, என் சேர்ல நீ எப்படி உட்கார்ந்தேன்னு சண்டை. பாக்க வர்றவங்க முகம் சுளிப்பாங்க. எனக்கு சத்தமே இல்லாத இல்லத்தைப் பாத்தாத்தான் பயம்.

சரி, விசேஷம். நம்ம பக்கம் சித்திரை விஷுவுக்கு, காலையில கண்ணு முழிச்சதும் மங்கலப் பொருள் வச்ச தட்டப் பாக்கிற கனி காண்றது மலையைத் தாண்டியும் உண்டு, இந்தப் பக்கமும் உண்டு. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கத்தோட இருந்த ஊர்தானே. எங்க இல்லத்துல முந்தின நாள் ராத்திரியே ஆச்சிங்கதான் தட்டு வைப்பாங்க, கொன்றைப்பூ, வெள்ளரி, மாம்பழம், கண்ணாடி. கண்ணாடிய எந்தப் பக்கம் வைக்கணும்னு சேட்டனுக்கும் ஆச்சிக்கும் வருஷா வருஷம் வாக்குவாதம், அது தீரவே இல்ல. அதைவிட முக்கியம், காலையில கைநீட்டம் குடுக்கிறது. பெரியவங்க சின்னவங்களுக்குக் குடுக்கிற காசு. முதியோர் பென்ஷன்ல மிச்சம் பிடிச்சு, நாணயமா மாத்தி வாங்கி வச்சிருந்து, வேலை பாக்கிற பிள்ளைங்க, சமையல்காரம்மா, வாட்ச்மேன், எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு ஆச்சிங்க குடுப்பாங்க. அன்னைக்கு ஒரு நாள் குடுக்கிற கை அவங்க கை. நான் முதல்ல சொன்னேன் பாருங்க, கேக்கும் கைதட்டலும், அதை நினைச்சுப் பாத்துக்கோங்க.

2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் இருக்குல்ல, பிள்ளைங்க மேல கேஸ் போடலாம்கிறது மட்டும்தான் நம்ம ஆளுங்களுக்குத் தெரியும். அதே சட்டத்துலதான் மாவட்டத்துக்கு ஒரு இல்லம், குறைஞ்சது 150 பேர் தங்குற மாதிரி, அங்க மருத்துவ வசதியோட பொழுதுபோக்கு வசதியும்னு எழுதியிருக்கு. ஆனா நிறைய இடத்துல பொழுதுபோக்குன்னா ஒரு டிவிதான், சுவத்துல உயரத்துல மாட்டியிருக்கும், ரிமோட் ஆபீஸ் ரூம்ல இருக்கும்.

நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கு சொல்றேன், ஒருத்தர் வரலன்னா பிடிக்கலன்னு முடிவு பண்ணிராதீங்க. பாதிப்பேருக்குக் காது கேக்காது, கேக்கலன்னு சொல்ல வெட்கம், அதனால ரூமை விட்டே வரமாட்டாங்க. வரிசையா சேர் போடாம வட்டமாப் போட்டா வாய் அசையறதாவது தெரியும். இன்னொண்ணு, இதை யாரும் வெளிய பேசமாட்டாங்க, பாத்ரூம் எவ்வளவு தூரம்கிறது. காலையில நீர் போறதுக்கு மாத்திரை போட்டவங்க பத்து மணிக்கு உங்க நிகழ்ச்சியில எப்படி வந்து உட்காருவாங்க? நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க, வெளிய போற நடை பக்கமா சேர் போட்டுக் குடுங்க, தானா வருவாங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுறாங்க, நேரம் ஆச்சாம். நான் எங்க, இன்னும் ரயில் பயணத்துக்கே வரலியே. செங்கோட்டை புனலூர் பாதை அகலப்பாதையா மாத்துறதுக்கு 2010ல நின்னு, 2018லதான திரும்ப வண்டி ஓட ஆரம்பிச்சுது, அதுல பதிமூணு கண் பாலம் பாக்க எல்லாரும் தென்மலை வரைக்கும் போனோம், ரயில்வேயில கேங்மேனா இருந்த தாத்தா ஒருத்தர்தான் அன்னைக்கு கைடு, "இப்ப குகை வரும், ஜன்னல்ல கைய வைக்காதீங்க"ன்னு ஒரு அதிகாரம். அது தனியாவே ஒரு கதை.

மறதி நோய் உள்ளவங்கள எப்படி இதுல சேத்துக்கிறதுன்னு பெருசா எழுதிக் கொண்டாந்திருக்கேன், ரெண்டு வார்த்தையில முடிக்கிறேன். சாயங்காலம் இருட்டுற நேரத்துல அவங்களுக்குப் படபடப்பு கூடலாம், அப்பக் கூட்டமா எதுவும் வைக்காதீங்க, லைட்ட சீக்கிரமே போட்டுருங்க. துண்டு மடிக்கிறது மாதிரி கைக்குப் பழகுன வேலை குடுங்க, அவங்க மடிச்சது கோணலா இருந்தா அவங்க கண்ணு முன்னாடி திருத்தி மடிக்காதீங்க.

பெரியவங்களுக்கு ஏதாவது உதவி வேணும்னா 14567, இலவச நம்பர், காலையில எட்டு மணியில இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும். உங்க ஊர் இல்லத்துக்குப் போறீங்கன்னா கேக்குக்குப் பதிலா ரெண்டு சீட்டுக்கட்டு வாங்கிட்டுப் போங்க, எழுத்து பெருசா போட்டது கடையில கிடைக்கும், போய் நாலாவது ஆளா உட்காருங்க. எங்க சேட்டன் மேசையில இப்ப ஒரு கை குறையுது. ஆட்டம் தெரியலன்னா அவரே சொல்லித் தருவாரு, பலா இலையும் தயாரா இருக்கு. வணக்கம்.