கொசுறு

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், திருவிழாக் கமிட்டிக்கும், முன்வரிசையில் முறுக்கு தின்றுகொண்டிருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். மணி அடித்துவிடுவார்கள், அதனால் வணக்கம் அவ்வளவுதான்.

'வீட்டுத் தோட்டத்தில் நாட்டுச் செடி வளர்ப்பவருக்கு மிஞ்சுவது மகிழ்ச்சியா, ஏமாற்றமா?' நான் மகிழ்ச்சி அணி. முகத்தைப் பார்த்தால் தெரியாது. காலையில் மோட்டார் ஓடவில்லை.

எனக்கு முன்னால் சகோதரி பதினைந்து நிமிடம் பேசினார்கள். அதில் பதினான்கு நிமிடத்துக்கு என்னிடம் பதில் இல்லை. உப்புத் தண்ணீர், மாவுப்பூச்சி, எலி எல்லாம் உண்மை. ஆனால் கடைசி நிமிடத்தில் ஒன்று சொன்னார்கள் பாருங்கள்: "காய்கறிக் கடையில் கொசுறாகக் கிடைக்கிற கறிவேப்பிலைக்கு இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றிய புத்திசாலி எதிரே உட்கார்ந்திருக்கிறார்." நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூன்றாவது வரிசையில் என் வீட்டம்மா இருக்கிறார், அவர் சிரித்ததுதான் அதிகம்.

சகோதரி, ஒரு திருத்தம். இரண்டு வருஷம் இல்லை, மூன்று.

முதல் வருஷம் செடி ஒரு சாண். பறிக்கக் கூடாது, புளித்த மோர் ஊற்று என்று எனக்கு உத்தரவு. உத்தரவு போட்டது யார் என்று அப்புறம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மோர் செடிக்குப் போக மிச்சம்தான் எனக்கு. இரண்டாம் வருஷம் இடுப்பளவு. பக்கக் கிளை வரட்டும் என்று நுனியைக் கிள்ளிவிட்டேன். மூன்றாம் வருஷம் தோள் உயரம். சரி, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, ரசத்துக்கு நம் வீட்டு இலைதான் என்று அறிவித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினோம். ஒரு வாரம் கழித்து வந்தால், முக்கால்வாசிக் குச்சி நிற்கிறது.

பக்கத்து வீட்டில் ஓர் ஆடு உண்டு. எனக்கு விசாரணையே தேவைப்படவில்லை. மதில் ஓரம் நின்று ஆட்டின் தாத்தா வரைக்கும் இழுத்துப் பேசிவிட்டேன். அந்த வீட்டு அக்கா பதில் பேசவில்லை. ஆட்டைக் கட்டியிருந்த கயிற்றை மட்டும் தூக்கிக் காட்டினார். அது மதில் வரைக்கும் எட்டாது.

திரும்பி வந்து மிச்ச இலைகளைப் பார்க்கிறேன். குருவி எச்சம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, வெள்ளையும் பழுப்புமாக. தின்றதும் இல்லாமல் இதுவேறா என்று ஓர் இலையைத் துடைக்கப் போனேன். எச்சம் நடந்தது.

ஐயா, திரும்பச் சொல்கிறேன். எச்சம். நடந்தது. குச்சியால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டியது, ஒரு நாற்றம் வேறு. ஐம்பத்திரண்டு வயது மனிதன் பின்னாலேயே ஓடித் துவைக்கிற கல்லில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதை வீட்டில் சொன்னபோது அது அரை விரல் நீளம். அலுவலகத்தில் சொன்னபோது முழ நீளம். இது மேடை, ஒலிபெருக்கி வேறு இருக்கிறது, அதனால் நீளத்தை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலக்கிக்கொண்டு வந்தேன். எட்டாவது படிக்கிற மகள் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். பட்டாம்பூச்சிப் புழு, சின்னதில்தான் எச்சம் மாதிரி இருக்கும், பறவையை ஏமாற்ற, வளர்ந்தால் பச்சையாகிவிடும் என்றாள். இலை நிறத்திலேயே இருந்ததால் பெரியவை என் கண்ணில் படவில்லையாம். "நாட்டுச் செடி வைத்தால் நாட்டுப் புழு வராமல் வெளிநாட்டுப் புழுவா வரும்?" என்று கேட்டாள். மொத்தம் பதினொன்று எண்ணினாள். மறுவாரம் ஒன்று, பனையேறி இடுப்பில் கயிறு கட்டிச் சாய்ந்து நிற்பாரே, அதே மாதிரி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கிளையில் சாய்ந்து கூட்டுப்புழுவாகிவிட்டது. கொண்டைக்குருவிகள் வந்து முக்கால்வாசியைக் கொத்திப் போயின. கடைசியில் பறந்தது இரண்டு. கறுப்பு உடம்பு, பின்னிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை.

ஆக இலையும் போயிற்று, புழுவும் போயிற்று, பக்கத்து வீட்டு உறவும் போயிற்று. என் அணித் தலைவர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நீங்கள் எந்த அணி?' என்று எழுதியிருக்கிறது.

வருகிறேன் ஐயா. செங்காந்தளைப் பற்றியும் சகோதரி குறை சொன்னார்கள், கோடையில் காய்ந்து ஏமாற்றிவிட்டது என்று. நம் மாநிலப் பூ அம்மா அது, செத்துப்போகவில்லை, மண்ணுக்குள் கிழங்காகத் தூங்குகிறது. மழை விழுந்தால் எழுந்திருக்கும். குழந்தைகள் கிழங்கை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம். அப்புறம், எங்கள் வீட்டு நாட்டுத் தக்காளி காய்க்கவில்லை என்றீர்கள். தக்காளிக்குச் சொந்த நாடு தென் அமெரிக்கா. மிளகாயும் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்ததுதான். அவை காய்க்காததற்கு எங்கள் அணி பொறுப்பில்லை.

கொசுறுக்கு வருகிறேன்.

சிவகங்கைப் பக்கம் என் அம்மாவின் வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. தெருவே அதில்தான் தாளித்தது. வீட்டை விற்றோம். பத்திரம் பதிந்த அன்று அம்மா எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. பேருந்தில் ஏறின பிறகுதான் பார்த்தேன், மடியில் ஓர் ஈரச் சாக்குத் துண்டு. உள்ளே ஒரு சாண் வேர்க்கன்று. அடுத்த மாதம் அங்கே கட்டடம் எழும்பியது, மரம் இல்லை.

மோர் ஊற்றச் சொன்னது அம்மாதான்.

புழு தின்ற செடி மறு மழையில் துளிர்த்தது. முதல் கொத்தை அம்மாதான் ஒடித்தார். ரசம் கொதிக்கிறது, நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மா என்னைத் தாண்டி, மதில் ஓரம் போய், நான் ஆட்டின் தாத்தாவை இழுத்தேனே, அந்த அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "முதல் கொத்தைக் குடுத்துப் பழகணும்டா" என்றார். அன்றைக்கு எங்கள் ரசத்தில் கடை இலைதான்.

அடுத்த தையில் அம்மா போய்விட்டார். பதினாறாம் நாள் விடியற்காலை, சமையலுக்கு இலை பறிக்கலாம் என்று கொல்லைக்குப் போனேன். அந்த அக்கா எனக்கு முன்னாலேயே வந்து, செடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முறம் நிறைய இலையை உருவி வைத்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து உருவினேன்.

மணி அடித்துவிட்டார்கள். இதோ முடிக்கிறேன். இப்போது அந்த மரத்தைச் சுற்றி ஏகப்பட்ட வேர்க்கன்று. மேடைக்குப் பின்னால் பையில் ஆறு கொண்டுவந்திருக்கிறேன். சகோதரி, போகும்போது நீங்கள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம், கொசுறுதான். மோர் மட்டும் புளித்ததாக ஊற்றுங்கள்.