செகண்டுக்கு ஏன் 'இரண்டாவது'ன்னு பேரு?

[திரையில்: சுவர்க் கடிகாரம். செகண்ட் முள் ஓடுது.]

"ஒரு செகண்ட் இருங்க"ங்கிறோம். "செகண்ட் ஷோ போலாமா"ன்னும் கேக்குறோம். ஒண்ணு நேரம், இன்னொண்ணு வரிசை. ரெண்டும் வேற வேற வார்த்தை, எழுத்து மட்டும் தற்செயலா ஒத்துப்போச்சுன்னு தோணும். இல்ல, ஒரே வார்த்தைதான். கடிகாரத்துல ஓடுற செகண்டுக்கும் அர்த்தம் 'இரண்டாவது'தான்.

அப்போ முதலாவது எது? நிமிஷம்.

[திரையில்: வட்டம். அதுல ஒரு பாகை மட்டும் பெருசாகுது.]

பாபிலோன்காரங்க அறுபது அறுபதா எண்ணுனவங்க. 60ஐ 2, 3, 4, 5, 6, 10, 12, 15னு எதால வகுத்தாலும் மீதி நிக்காது. பின்னக் கணக்குக்கு அவ்வளவு தோது. கிரேக்க வானியலாளர்கள் அதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. கி.பி. 2ஆம் நூற்றாண்டுல அலெக்சாண்டிரியாவுல இருந்த தாலமி, நட்சத்திரம் எங்க இருக்குன்னு குறிக்க ஒரு பாகையை 60 துண்டாக்குனாரு. அதுவும் பத்தலைன்னா, அந்தத் துண்டை மறுபடி 60.

லத்தீன்ல முதல் வெட்டுக்குப் பேரு 'பார்ஸ் மினுட்டா ப்ரீமா', அதாவது முதல் சின்னப் பகுதி. அடுத்த வெட்டு 'பார்ஸ் மினுட்டா செகுண்டா', இரண்டாவது சின்னப் பகுதி. இவ்வளவு நீளத்தை யாரு சொல்லிக்கிட்டு இருப்பா? தேஞ்சுபோச்சு. ஆனா தேஞ்ச விதம்தான் வேடிக்கை. முதல் பேர்ல 'முதல்' உதிர்ந்து 'சின்ன' மட்டும் நின்னுச்சு, அதுதான் மினிட். ரெண்டாவது பேர்ல 'சின்ன' உதிர்ந்து 'இரண்டாவது' மட்டும் நின்னுச்சு, அதுதான் செகண்ட். ரொம்ப நுணுக்கமானதை இங்கிலீஷ்ல 'மைனூட்'னு சொல்வாங்களே, அதுக்கும் மினிட்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்தான்.

கவனிச்சீங்களா, இதுவரைக்கும் எல்லாமே கோணக் கணக்கு. இதே வெட்டை மணிநேரத்துக்கும் போட்டவங்கள்ல ஒருத்தர், சுமார் ஆயிரமாவது ஆண்டுல வாழ்ந்த அறிஞர் அல்பிரூனி. அவர் செகண்டோட நிக்கல, அதையும் 60ஆக்கி மூன்றாவது, அதையும் 60ஆக்கி நான்காவதுன்னு போனாரு. 1267ல இங்கிலாந்துல ரோஜர் பேக்கனும் பௌர்ணமி நேரத்தை நான்காவது வரைக்கும் எழுதி வெச்சாரு. அவ்வளவு நுட்பமா அளக்க அப்போ எந்தக் கடிகாரமும் கிடையாது, எல்லாம் ஏட்டுக் கணக்கு! பிற்பாடு அறிவியல் பத்தின் மடங்குக்கு மாறி, மில்லிசெகண்ட் வந்ததும் 'மூன்றாவது' வழக்கொழிஞ்சுபோச்சு.

நம்ம பஞ்சாங்கத்துலயும் இதே அறுபதுதான். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. ஆனா வெட்டத் தொடங்குற இடம் முழு நாள்ங்கிறதால, ஒரு விநாழிகை 24 செகண்ட் வரும்.

[திரையில்: பாய்மரக் கப்பல். பின்னாடியிருந்து காத்து.]

இன்னும் கொஞ்சம் தோண்டுவோம். லத்தீன் 'செகுண்டுஸ்'க்கு வேர், பின்தொடர்றதைக் குறிக்கிற வினைச்சொல். சீக்வல், சீக்வென்ஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். முதலாவதைத் தொடர்ந்து வர்றதுதானே இரண்டாவது? கப்பலுக்குப் பின்னாடியிருந்து வீசித் தள்ளிவிடுற காத்தையும் ரோமானியர்கள் 'செகுண்டுஸ்'னுதான் சொன்னாங்க. அதனால சாதகமானதுங்கிற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு. கூட்டத்துல தீர்மானத்தை 'செகண்ட்' பண்றது, அதாவது வழிமொழியறது, அந்தக் கிளைதான்.

இந்தச் சொல் பிரெஞ்சு வழியா வர்றதுக்கு முன்னாடி, இரண்டாவதுன்னு சொல்ல இங்கிலீஷ்காரங்க 'அதர்'ங்கிற சொல்லைத்தான் வெச்சிருந்தாங்க. ஒருநாள் விட்டு ஒருநாளை இன்னைக்கும் 'எவ்ரி அதர் டே'ங்கிறது அந்த மிச்சம்.

[திரையில்: பெண்டுலம்.]

1656ல டச்சுக்காரர் ஹைகன்ஸ் பெண்டுலக் கடிகாரம் செஞ்ச பிறகுதான் செகண்டை நம்பி எண்ண முடிஞ்சுது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளப் பெண்டுலம் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போக ஒரு செகண்ட். ரொம்ப காலம் ஒரு நாள்ல 86,400ல ஒரு பங்குதான் செகண்ட். ஆனா பூமி சீரா சுத்துறதில்லையே. அதனால 1967ல சீசியம் அணுகிட்ட ஒப்படைச்சுட்டாங்க. அந்த அணுவோட ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 தடவை அதிர்ற நேரம் ஒரு செகண்ட்.

பூமிக்கும் அணுவுக்கும் கணக்கு இடிக்கும்போதெல்லாம் ஒரு 'லீப் செகண்ட்' சேர்ப்பாங்க. 1972லேருந்து 2016 வரைக்கும் அப்படி 27 சேர்த்தாச்சு. கம்ப்யூட்டர்களுக்கு அது பெரிய தலைவலி. 2035க்குள்ள அந்த வழக்கத்தை நிறுத்திடலாம்னு 2022லயே முடிவெடுத்திருக்காங்க.